தேடியதேட்டமும் ஒரு குமாசி வீடும்

எனக்கும் என் சிநேகிதிக்கும் நெருக்கம் உண்டானது ஒரு மருமகனால். அந்த ஆளை நான் இன்றுவரை கண்டதில்லை. காணவும் விருப்பமில்லை.

நாங்கள் இருவரும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறோம். நான் யாழ்ப்பாணம். அவள் கானா நாட்டில் குமாசி என்ற நகரம். வயதில் நான் கொஞ்சம் மூத்தவள் என்பதால் என்னை ‘சிஸ்ரர்’ என்பாள். ஆனால் கரட் வெட்டும் வேகத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது, என்னைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அவளுடைய ஆங்கிலத்துக்கு ஒரு ராகம், என்னுடையதற்கு வேறொரு ராகம். இருந்தாலும் அவள் சொல்வது என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து உட்காருகிறது. அப்படியே எழுதுகிறேன். அவள் கோபிக்கமாட்டாள்.

ஒரு குளிர்காலக் காலை. போனில் பேசிவிட்டு வந்தவள் கரட்டோடு சண்டை பிடிப்பதைப் போல வெட்டத் தொடங்கினாள். ஊரில் அவளுடைய அண்ணனின் குடும்பம் இருக்கும் வாடகை அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்களாம்.

“அப்பா கட்டின வீடு ஒண்டு இருந்தது, சிஸ்ரர். முன்னுக்கு ஒரு பெரிய மாமரம். அந்த வீடு மருமகனுக்குப் போட்டுது.”

அவள் சொன்னது ‘நெவ்யூ’ என்றுதான். என் தலைக்குள் போகும்போது அது மருமகனாகிவிட்டது. எங்கள் ஊரில் வீடு மருமகனிடம் போனால், மகளிடம் போனது என்றுதான் அர்த்தம். சீதனம் கொடுத்துப் பழகிய புத்தி வேறெப்படி யோசிக்கும்?

“அதுக்கேன் கோவிக்கிறாய்? உன்ர அக்காதானே அங்க இருப்பா?”

“எந்த அக்கா?”

“அவனைக் கட்டின அக்கா.”

கத்தி நின்றுவிட்டது. “சிஸ்ரர், அவன் அப்பாவின்ர தங்கச்சியின்ர மகன்!”

“அது விளங்குது. உங்களில ஆரைக் கட்டினவன் எண்டு கேக்கிறன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் சூப் கிண்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் மொழியில் தங்கையின் மகனுக்கும் மகளின் புருஷனுக்கும் ஒரே சொல்தான் என்று நான் விளக்கியதும் இன்னும் சிரித்தாள். அவளுடைய ஆட்களும் பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். சொத்து மருமகனுக்குப் போகும், மகளை அவனுக்கே கட்டிக்கொடுத்தால் சுற்றிச் சுழன்று பேரப்பிள்ளைகளிடம் வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். இவளும் அக்காவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“அவன்ர பல்லைக் கண்டிருந்தால் நீயும் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பாய்” என்றாள்.

அன்று பிரேக்கில் மீதியைச் சொன்னாள். அவளுடைய இனத்தில் பிள்ளை தாயின் இரத்தம். தகப்பனோடு ஒரே வீட்டில் வளர்ந்தாலும் தகப்பனுடைய குடும்பத்தில் சேர்த்தி இல்லை. அவன் கண்ணை மூடினால் அவனுடைய சொத்து அவனுடைய தாய்வழிக்குத் திரும்பும். சகோதரன் இருந்தால் அவனுக்கு, இல்லாவிட்டால் சகோதரியின் மகனுக்கு. மனைவி வேறு தாயின் பிள்ளை, பிள்ளைகளும் அப்படியே. வந்த வழியே போகவேண்டியதுதான்.

“ஆபிரிக்காவில உப்பிடியெல்லாம் இருக்கோ?” என்று நான் வாயைப் பிளந்தேன்.

“ஆபிரிக்கா என்ன ஒரு ஊரோ?” என்று பாய்ந்தாள். “எங்கட நாட்டிலயே வடக்குப் பக்கம் மகன்மாருக்குத்தான் எல்லாம். நான் எங்கட ஆக்களைப் பற்றிச் சொல்லுறன். உன்னை ஆரும் இந்தியாக்காரி எண்டு சொன்னால் நீ என்ன பாடு படுத்துவாய்?”

சரிதான். அந்தப் பாட்டை அவள் நேரிலேயே பார்த்திருக்கிறாள்.

அவளுடைய அம்மா தையல்காரி. அப்பாவின் செத்தவீடு முடிந்ததும் அவருடைய ஆட்கள் வந்து ஒவ்வோர் அறையாகப் பூட்டினார்கள். அம்மா தையல் மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அதையும் வாசலில் மறித்தார்கள். வாங்கிக்கொடுத்தது யார்? புருஷன். அப்படியென்றால் அது அவர்களுடையது. அம்மா பிள்ளைகளையும் ஒரு கத்தரிக்கோலையும் கொண்டு வெளியே வந்தாள். கத்தரிக்கோல் அவள் தன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்குக் கதை தேவையில்லை. மெஷின் இல்லாத தையல்காரி பிறர் கடையில் தைத்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லொறியில் மூட்டை ஏற்றப் போனான். இன்று அண்ணனின் மகன் அதே லொறி நிலையத்தில் நிற்கிறான். வீட்டைப் பெற்ற மருமகனாவது நன்றாக இருக்கிறானா என்றால் அதுவும் இல்லை. அவனுக்குப் பிறகு அந்த வீடு அவனுடைய பிள்ளைகளுக்கு இல்லை, அவனுடைய தங்கையின் மகனுக்கு. தன் பிள்ளைக்குப் போகாத வீட்டுக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்? கூரை ஒழுகி, மாமரமும் போய், இப்போது அதில் ஒருவரும் இல்லை. ஒரு வீடு இரண்டு குடும்பங்களை ஏழையாக்கிவிட்டுத் தானும் விழுந்து கிடக்கிறது.

எனக்கு அந்தத் தையல் மெஷினில் வந்த கோபம் கொஞ்சமல்ல. கோபம் வந்தால் நான் பெருமை பேசுவேன், அது யாழ்ப்பாணத்து வியாதி. “எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. தேசவழமை. கலியாணத்துக்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து தேடின சொத்துக்குத் தேடியதேட்டம் எண்டு பேர். ஆர் காசு குடுத்தாலும் பாதி பெண்சாதிக்கு. அந்த மெஷின் எங்கட ஊரெண்டால் ஒருத்தனும் தொட்டிருக்கேலாது” என்றேன்.

“திரும்பச் சொல்லு.”

“தேடியதேட்டம்.”

“தெடியதெத்தம்.” அவள் அதை வாய்க்குள் போட்டு மெதுவாக மென்றாள். தேடுவது என்றால் என்ன, தேட்டம் என்றால் என்ன என்று பிரித்துக் கேட்டாள். சொன்னேன். “எங்களிட்ட உதுக்கு ஒரு சொல் இல்லை. அதுதான் பிழை” என்றாள்.

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டில் புருஷனிடம் சொன்னேன். அவருக்கு மற்றவர்களின் பலூனை ஊசியால் தொடுவதில் ஒரு தனி இன்பம். “ஓம், ஓம். ஆனா அதே தேசவழமையில பெண்சாதி தன்ர வீட்டை விக்கிறதெண்டாலும் புருஷன்ர சம்மதம் வேணும். அதைச் சொன்னீரோ?” என்று கேட்டார். சொல்லவில்லை. “மூண்டு தங்கச்சிமாருக்குச் சீதனம் குடுத்த அண்ணன்மாருக்கு என்ன மிச்சம் எண்டு சொன்னீரோ?” அதையும் சொல்லவில்லை. அவர் கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஆறேழு பொடியன்களோடு படுத்தெழும்பி, ரெஸ்ரோரன்ற்றில் கோப்பை கழுவித் தங்கைகளுக்கு வீடும் காணியும் தேடிக்கொடுத்தவர். தாய் தகப்பனின் வீடு கடைசித் தங்கைக்கு எழுதப்பட்டது. எனக்குச் சீதனமாக வந்த யாழ்ப்பாண வீட்டுக்குச் சண்டை முடிந்ததும் கூரை போட்டதும் கிணறு கட்டியதும் அவர்தான். ஆனாலும் அவர் வாயில் அது எப்போதும் ‘உம்மட வீடு’. கூரைக்கு ஓடு தெரிவு செய்யும்போதுகூட “உம்மட வீட்டுக்கு எந்த நிறம் வேணும்?” என்றுதான் கேட்டார். பகிடிக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்துவிட்டு விடுவேன்.

அடுத்த வருடம் என் சிநேகிதியின் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்தது. அவர் டெலிவரி வான் ஓட்டுபவர், எதற்கும் சிரிப்பவர், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் நேர்ஸ்மாரைச் சிரிக்க வைத்தார். சிரிக்காதவள் இவள்தான். அவர்கள் இருவரும் ஓவர்டைம் ஓவர்டைமாகச் சேர்த்துக் குமாசியில் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். காணி அவருடைய பெயரில். மேசனுக்குப் போனில் பேசியது இவள், கதவுகளைத் தெரிவு செய்தது இவள், வயதான காலத்தில் குளிரை விட்டுப் போய் இருக்கப்போவது அங்கேதான் என்று படம் காட்டுவதும் இவள். அந்த மனுஷன் போய்விட்டால் அந்த வீட்டுக்கும் பூட்டு வரும். அம்மாவுக்கு நடந்தது தனக்கும் நடக்கும், தன் பிள்ளைகளுக்கு ஊரில் கால் வைக்க ஒரு வாசல்படிகூட இராது. அதுதான் அவளுடைய பயம். வேறு பயம் அவளிடம் நான் கண்டதில்லை.

“இப்ப அங்க சட்டம் மாறிட்டுதெண்டு சொன்னாயே?” என்று கேட்டேன்.

“மாறிட்டுது. ஆனா சட்டம் வர முதல் பூட்டு வந்திடும், சிஸ்ரர்.”

மரணசாதனம், அதாவது உயில், எழுதச் சொன்னால் சாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக் கூப்பிடுகிறாயா என்று அவர் சிரித்தாராம். ஒரே வழி, உயிரோடு இருக்கும்போதே தன் தாய்வழி ஆட்களின் முன்னால் வீட்டை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவது. சபையில் கொடுத்து, வாங்கியவர் நன்றி செலுத்தி, சாட்சிகள் ஒப்புக்கொண்டால் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. அதற்கும் மனுஷன் நழுவிக்கொண்டே இருந்தார். காரணம் பக்கத்து நகரமான ஒஷாவாவில் இருந்தது. அவருடைய அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் நண்டுக்கறியின் உறைப்பில் அவளுடைய புருஷன் வாய் திறந்தார், மெய்யாகவே. அக்கா தெருவோரத்தில் வாழைக்காய் பொரித்து விற்றுத்தான் அவரைப் படிப்பித்தாளாம். அவளுடைய புருஷன் செத்தபோது அவளையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தம்பியின் வீடு தன் மகன்மாருக்கு வரும் என்ற நினைப்பில்தான் அவள் அன்று அழாமல் வெளியே வந்தாள். இப்போது அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

எனக்கு அதுவரை அந்த அக்கா ஒரு வில்லி. அன்று அந்த வசதி போய்விட்டது. பெண்சாதியாக ஒரு வாசலில் இழந்ததை அக்காவாக இன்னொரு வாசலில் பிடிக்கப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அந்த வாசலில் நிற்பது என் சிநேகிதி. இரண்டு பேரையும் ஏழையாக்கியது ஒரே வழக்கம், சண்டை மட்டும் அவர்களுக்குள்.

என் புருஷனோ உருகிப்போனார். அக்கா தங்கை என்றதும் அவர் கட்சி மாறிவிட்டார். இரண்டு ஆண்களும் சோபாவில் சாய்ந்து, சகோதரிகளுக்காக உழைத்த உலகத்து ஆண்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம் போலப் பேசிக்கொண்டார்கள். ஆனால் போகும்போது அந்த மனுஷன் கதவடியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்: “அந்தச் சொல் என்ன, இவள் எந்த நேரமும் சொல்லுறது?”

“தேடியதேட்டம்.”

தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் ஒருவழியாகச் சம்மதித்து, சபைக்கு நாள் குறித்தார்கள். என் கெட்ட காலத்துக்கு அது ஒரு புரட்டாதிச் சனி. நான் விரதம். அவளுடைய பக்கத்து ஆட்கள் ரொறன்ரோவில் இல்லாததால் அவளுக்குச் சாட்சியாக நான் வரவேண்டும் என்றாள். விரதம் என்று சொன்னதும் எனக்காக மீன் போடாமல் தனியாக ஒரு கீரைக்கறி சமைத்தாள். சபையில் சாட்சி என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் சொல்ல மறந்துவிட்டாள்.

டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்து பார்ட்டி ஹோல். முதல்நாள் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன்கள் இன்னும் தொங்கின. நடுவில் அவள் புருஷனின் தாய்மாமன், குடும்பத்துக்கு மூத்தவர். தடித்த குளிர்ச்சட்டைக்கு மேல் ஒரு நிறநிறமான துணியை ஒரு தோளில் போட்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஒஷாவா அக்கா. நான் நினைத்ததைவிடச் சிறிய மனுஷி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவர்களுடைய மொழியில். என் சிநேகிதி இடைக்கிடை என் காதில் ஆங்கிலத்தில் ஓதினாள். அவளுடைய புருஷன் எழுந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. நீளமாகப் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்காமல் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு சொல் வந்து விழுந்தது. ‘தெடியதெத்தம்.’ யாழ்ப்பாணத்து வழக்கறிஞர்மாரின் வாயில் காய்ந்துபோய்க் கிடந்த ஒரு சொல்லை இந்த மனுஷன் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்!

அவர் வீட்டைக் கொடுத்தார். என் சிநேகிதி எழுந்து நன்றியாக ஒரு ஜின் போத்தலை வைத்தாள். மாமன் முன்னோருக்கென்று கொஞ்சம் வார்த்தார், கார்ப்பெட்டுக்குப் பயந்து ஒரு அலுமினியத் தட்டுக்குள். பிறகு ஒரு சின்னக் கிளாஸ் சுற்றில் வந்தது. ஒவ்வொருவராகக் குடித்தார்கள். என்னிடம் வந்தது.

எங்கள் ஊரில் எதை நீட்டினாலும் முதல் தரம் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். நீட்டியவுடன் வாங்குகிறவளை நல்லபடி வளர்க்கவில்லை என்பார்கள். அத்தோடு சனி விரதம். அத்தோடு ஜின். நான் இரண்டு கையையும் விரித்து, பெரிய புன்னகையோடு, “நோ, நோ, தாங்க்ஸ்” என்றேன்.

மாமன் போத்தலைக் கீழே வைத்தார். அக்கா கதிரையில் நிமிர்ந்தாள். மாமன் ஏதோ கேட்டார். என் சிநேகிதி என் முழங்கையைப் பிடித்தாள்.

“சாட்சிக்கு ஏதும் மறுப்பு இருக்கோ எண்டு கேக்கிறார்” என்று என் காதுக்குள் சொன்னாள். “குடிக்காட்டி நீ சம்மதிக்கேல்லை எண்டு அர்த்தம், சிஸ்ரர். எனக்கெண்டு இருக்கிறது நீ ஒராள்தான்.”

சனீஸ்வரனிடம் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அந்தக் கிளாஸைப் பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஒரே மூச்சு. தொண்டையிலிருந்து வயிறு வரை அடுப்பு எரிந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வர, நான் இருமிய இருமலில் ஒரு பலூன் ஆடியது. கைதட்டினார்கள். மாமன்கூடச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த கிளாஸ் அவளுடையது. வாங்கினாள், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தம்பி சொன்ன சொல் உங்கட சொல்லோ?”

“ஓம்.”

“அதுக்குள்ள அக்காவுக்கு இடம் இருக்கோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அக்காவுக்குச் சீதனம் தனியாக உண்டு என்று சொல்ல வாய் வந்தது. அதை வைத்து இந்த மனுஷி என்ன செய்வாள்? “இல்லை. அதுக்குள்ள ரெண்டு பேர்தான்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “புருஷன் செத்த வீட்டிலயிருந்து என்னை வெளியில விட்டினம். தம்பி வீடு இருக்கெண்டு வந்தன். இனி ஊருக்குப் போனால் நான் எங்க படுக்கிறது?”

இந்த அக்காவோடு மல்லுக்கட்டத்தான் என் சிநேகிதி இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கரட் வெட்டும்போதெல்லாம் அந்தச் சண்டையை என்னோடு ஒத்திகை பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் எழுந்து போய் அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

“குழாயடிப் பக்கத்து அறை உங்களுக்கு. திறப்பு உங்களிட்டத்தான் இருக்கும். ஒருத்தரும் பூட்டமாட்டினம்.”

“என்ர மகன்மாருக்கு?”

“இல்லை. உங்களுக்கு மட்டும்.”

அக்கா கிளாஸைத் தூக்கினாள். “அவங்கள் தங்கட வீட்டைத் தாங்கள் கட்டட்டும்” என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். என்னைப்போல இருமவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுருக்கினார். “புரட்டாதிச் சனியும் அதுவுமா! நல்ல விரதம்.” நடந்ததெல்லாம் சொன்னேன். நான் இருமியதை இரண்டு தரம் நடித்துக் காட்டச் சொல்லிச் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “அக்காவுக்கு எந்த அறை?”

“குழாயடிப் பக்கம்.”

“நல்லது. ஊருக்குப் போனால் அந்த மனுஷிக்குப் படுக்க ஒரு இடம் இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். பகிடியும் இல்லை, குறையும் இல்லை. மூன்று வீட்டுக்குக் காசு அனுப்பி, நாலாவதற்குக் கூரை போட்டு, அதை ‘உம்மட வீடு’ என்று சொல்லிக்கொண்டு வந்துபோகும் மனுஷன் இவர்.

“இஞ்சாருங்கோ, எங்கட வீட்டு முன்னறைக்கு ஒரு ஃபேன் போடவேணும். வாற முறை போகேக்க மறக்கக்கூடாது” என்றேன்.

அவருடைய கை சோற்றுக்குள் நின்றது.

“ஆற்ற வீட்டுக்கு?”

“எங்கட.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கறிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொண்டார்.